திரையில் ஐந்து புள்ளி ஆறு

சந்திரமதி அக்காவைப் பற்றி எழுதும்படி என்னை யாரும் கேட்கவில்லை. எங்கள் கம்பெனியைப் பற்றிப் பத்திரிகையில் இரண்டு முறை வந்துவிட்டது. இரண்டிலும் அவர் பெயர் இல்லை. அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். எரிச்சல் பத்திரிகைக்காரர்கள் மேல் மட்டுமில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கம்பெனியின் பெயர் நாடி லாவுட். லாவுட் என்றால் மலாயில் கடல். நாடி அவர்களுக்கும் நாடிதான். மலேசியாவின் தெற்குக் கோடியில், ஸ்கூடாயில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் மூன்றே பேர் இருந்தோம். முதலாளி விக்னேஷுக்கு முப்பது வயது. செட்டிநாட்டுக் குடும்பம், அம்மா பல் டாக்டர். கடலில் பெரிய எதிர்காலம் இருக்கிறது என்று பல்கலைக்கழகத்திலேயே கண்டுபிடித்துவிட்ட ஆள். சந்திரமதி அக்கா டெக்னீஷியன். நான் செல்வா. வேன் ஓட்டுவேன், படகு ஓட்டுவேன், பெரிய மனிதர்கள் வந்தால் கோப்பி வாங்கி வருவேன்.

கருத்தரங்குகளில் விக்னேஷ் 'நீலப் பொருளாதாரம்' என்று தொடங்குவார். பின்னால் திரையில் கண்ணைப் பறிக்கும் நீலத்தில் ஒரு கடல் ஓடும். எங்கள் ஜொகூர் நீரிணை முக்கால்வாசி நாள் பால் விடாத தே ஓ நிறத்தில்தான் கிடக்கிறது, அது வேறு விஷயம். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. இங்கே கேலோங் என்று சொல்லும் மிதக்கும் பண்ணைகளில், வலைக்கூண்டுக்குள் வளரும் மீன்கள் மூச்சுத் திணறித்தான் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. தண்ணீரில் ஆக்சிஜன் குறைவது கண்ணுக்குத் தெரியாது. எங்கள் கருவி தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டு அதை அளக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பண்ணைக்காரரின் போனுக்கு எண்ணை அனுப்பும். ஐந்துக்கு மேல் இருந்தால் பச்சை. மூன்றுக்குக் கீழே போனால் சிவப்பாகி அலறும். அவர் ஓடிப்போய்க் காற்று பம்பைத் தட்டிவிட்டால் மீன் பிழைத்துவிடும். இவ்வளவுதான் எங்கள் தொழில்நுட்பம்.

கடலுக்கு நம் தொழில்நுட்பத்தின் மேல் எந்த மரியாதையும் கிடையாது. பத்தே நாளில் கருவியின் முனையில் பாசி படரும், சிப்பி குடியேறும், எண் தப்புத் தப்பாக வரும். வாரம் ஒருமுறை எடுத்துக் கழுவ வேண்டும். முதலீட்டாளர்களிடம் யாரும் சொல்லாத வேலை அது. அக்காவின் வேலை அதுதான். கைக்குழந்தைகளுக்குப் பல் துலக்கும் மெல்லிய பிரஷை வினிகரில் தோய்த்து, ஆடும் படகில் குனிந்து உட்கார்ந்து தேய்ப்பார். "பல்லு விளக்கி விடுறேன்" என்பார். கை நிறையச் சிப்பி கீறின தழும்பு.

அக்கா காஹாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா அய்யாவு குலை வெட்டுகிறவர். ஐந்தாம் படிவத்தோடு படிப்பு நின்றது. அதன்பின் பதினேழு வருடம் சிங்கப்பூரில் சிப் தொழிற்சாலை. விடிகாலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தில் நின்றால் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு. கணவர் பாலோ என்ற ஊரில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார். அந்த ஆளைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. ஒரே மகள் லோஷினி. அவள் பள்ளியில் நிரப்பிக் கொடுத்த பாரத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் 'சிங்கப்பூர்' என்று எழுதி வைத்திருந்தாளாம். அதைப் பார்த்த மாதமே அக்கா வேலையை விட்டார். பாதிச் சம்பளத்துக்கு எங்களிடம் வந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போக முடிகிற வேலை அவருக்குத் தேவைப்பட்டது.

எங்கள் முதல் வாடிக்கையாளர் பாக் ஜைலானி. கேலாங் பாத்தா ஊருக்கு அப்பால் நீரிணையில் அவருடைய கேலோங். சியாக்காப் வளர்த்தார். தமிழ்நாட்டில் கொடுவா என்கிறார்களே, அந்த மீன். ஆக்சிஜன் விடிவதற்கு முன்புதான் இறங்கும் என்பதால் பதினொரு வருடமாக அந்தப் பலகை மேலேயே படுத்தவர். மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும் சத்தத்துக்கு எழுந்து பம்பைப் போடுவார். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இரவில் கால் நரம்பு இழுத்துக் கத்துவாராம், பிடித்துவிட ஆள் கிடையாது. இந்த வருடம் போட்ட குஞ்சுகள் கரை சேராவிட்டால் கேலோங்கை விற்றுவிடப் போவதாக எங்களிடம் சொல்லியிருந்தார். அவரிடம் அதற்கு மேல் கைவசம் ஒன்றுமில்லை.

முதன்முதலில் கருவியை மாட்டிய அன்றைக்கு அக்கா அவரிடம் பேசியது மலாயில். நான் நம் பேச்சில் எழுதுகிறேன். பாக்சிக் என்றால் மாமா மாதிரி, வயதானவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"பாக்சிக், இனிமே ராத்திரி வீட்டுல படுங்க. உங்க மீனுக்கு நான் பொறுப்பு."

"இந்த மெஷினை நம்பச் சொல்றியா?"

"மெஷினை நம்பாதீங்க. என்னை நம்புங்க. நம்பர் பச்சையா இருந்தா தூங்குங்க. ஸ்கிரீன் காலியா இருந்தா மெஷின் வேலை செய்யலன்னு அர்த்தம். உடனே கேலோங்குக்குப் போயிருங்க."

கிழவர் யோசித்தார். பிறகு தலையாட்டினார். அடுத்த வாரம் போனபோது, வீட்டில் படுத்த முதல் இரவு, 'யார் இந்த ஆம்பளை' என்று மனைவி கேட்டதாகச் சொல்லிச் சிரித்தார். அக்கா வீடு திரும்பும் வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகை வருகிறது.

ஆயுத பூஜை விஷயத்தில் அக்கா விட்டுக்கொடுக்க மாட்டார். தோட்டத்தில் அவர் அப்பா குலை வெட்டும் அரிவாளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்தின் கீழே வைத்துவிட்டால் மறுநாள் பூஜை முடியும் வரை யாரும் தொடக்கூடாது. சோறு போடும் சாமானுக்கு ஒரு ராத்திரி ஓய்வு. சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் அவருக்கு இது வாய்க்கவில்லை, அந்த மெஷின்கள் ஓய்வே எடுக்காதவை. இங்கே வாய்த்தது. போன வருடமும் கருவிகளைக் கடலிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து பூஜையில் வைத்தோம். பாக் ஜைலானியின் திரை காலியானது. அவர் பேசினபடி கேலோங்கில் போய்ப் படுத்தார். ஒரு மீனுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இந்த வருடம் ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து முதலீட்டாளர்கள் வந்தார்கள். அந்த நேரம் பார்த்து சிக்னல் போய்த் திரை வெறுமையானது. விக்னேஷுக்கு முகம் செத்துப்போனது. அன்று சாயங்காலமே நிரலை மாற்றினார். சிக்னல் போனாலும், கருவியே போனாலும், கடைசியாக வந்த எண் அப்படியே திரையில் நிற்கும். மறுநாள் வேனில் என்னிடம் காட்டினார்.

"அண்ணே, அக்காகிட்ட சொல்லாதீங்க. சின்ன விஷயத்துக்கே கத்துவாங்க. டெமோ எல்லாம் முடியட்டும், பழையபடி மாத்திடறேன்."

"சரி பாஸ்" என்றேன். அக்கா கத்துவதை நினைத்து இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆயுத பூஜை அன்று பகல் இரண்டு மணிக்கு அக்காவும் நானும் கேலோங்குக்குப் போனோம். பாக் ஜைலானி மனைவியோடு டயாலிசிஸ் நிலையத்தில் இருந்தார். அக்கா மூன்று கருவிகளையும் கழற்றி, தேய்த்து, வாளியில் அடுக்கினார். கிழவருக்கு இரண்டு முறை போன் போட்டார். எடுக்கவில்லை.

"ஆஸ்பத்திரில போனை அமுத்தி வச்சிருப்பாரு. பரவால்ல லா. ஸ்கிரீன் காலியா இருந்தா தெரிஞ்சுக்குவாரு. போன வருசம் மாதிரிதானே."

நான் படகைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஞாபகம் வந்ததா? வந்தது. ஜூலையில் சிரித்தது அப்படியே ஞாபகம் வந்தது. இந்நேரம் மாற்றியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கரைக்கு வந்ததும், அக்கா கை கழுவப் போன சமயத்தில் வேனில் உட்கார்ந்து போனைத் திறந்து பார்த்தேன். பாக் ஜைலானி கேலோங், ஐந்து புள்ளி ஆறு, பச்சை. கருவி என் முதுகுக்குப் பின்னால் வாளியில் கிடந்தது.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அக்கா அங்கேயே விக்னேஷுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பார். கருவிகளைத் திரும்பக் கொண்டுபோய் மாட்டச் சொல்வார். இன்னும் இரண்டு மணி நேரம். ஆறு மணிக்குப் பூஜை, என் மனைவி ஷாமளா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். ஒரு ராத்திரிதானே என்று நினைத்தேன். போனைச் சட்டைப் பையில் வைத்தேன். அக்கா வந்து ஏறினார், வண்டியை எடுத்தேன்.

பூஜை நன்றாகத்தான் நடந்தது. அக்கா கருவி முனைகளில் படாமல் பிடியில் மட்டும் சந்தனம் தடவினார். விக்னேஷ் முதல் ஆளாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் படம் எடுத்து, 'எங்கள் கருவிகளுக்கும் ஒரு நாள்' என்று இணையத்தில் போட்டார். சுண்டல் தின்றோம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்காவின் போன். "செல்வா, வண்டி எடு" என்று சொல்லி வைத்துவிட்டார். வாளியையும் கூடவே தூக்கிக்கொண்டு ஏறினார். சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

கேலோங்கை நெருங்கும்போதே தெரிந்துவிட்டது. கூண்டுகள் முழுக்க வெள்ளை வயிறு. ஒன்றன்மேல் ஒன்றாகத் தண்ணீர் தெரியாதபடிக்கு மிதந்தன. நாலாயிரம் மீனுக்குக் கொஞ்சம் குறைவு, இன்னும் மூன்று மாதத்தில் சீனப் பெருநாளுக்கு விற்க வேண்டியவை. பாக் ஜைலானி பலகையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் போனைத்தான் நீட்டினார்.

"சந்திரா, பச்சைதானே? படுக்கும்போது பார்த்தேன். மூணு மணிக்கு அவளுக்குக் கால் பிடிச்சு விட எழுந்தேன், அப்பவும் பார்த்தேன். இப்பவும் பாரு, பச்சைதானே?"

ஐந்து புள்ளி ஆறு. அத்தனை பிணத்துக்கு நடுவில் அந்த எண் பச்சையாக நின்றது. அக்கா போனைப் பார்த்தார். தன் கையிலிருந்த வாளியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்த நொடி எனக்குத் தெரிந்தது. நான் கயிற்றைக் கட்டுவது போலக் குனிந்துகொண்டேன்.

"பாக்சிக், மெஷின் கடல்லயே இல்ல" என்றார் அக்கா. "நான்தான் நேத்து கழட்டிட்டுப் போனேன். எங்க பூஜைக்கு."

கிழவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ கழட்டினா காலியா இருக்கும்னு சொன்னியே" என்றார். குழந்தை கேட்பது மாதிரி மறுபடியும் கேட்டார். "சொன்னியே சந்திரா?"

அவர் கேட்டதற்குப் பதில் என்னிடம் இருந்தது. மதியம் வரை மூன்று பேரும் செத்த மீனை வலையால் அள்ளிக் கோணியில் போட்டோம். வெயில் ஏற நாற்றம் தொடங்கியது. அறிக்கைக்குப் படம் வேண்டும் என்று விக்னேஷ் போனில் சொன்னார், எடுத்து அனுப்பினேன். திரும்பி வரும்போது படகில் அக்கா தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார்.

"நேத்து நவமி செல்வா. ஆயுத பூஜை எப்பவும் நவமிலதான். அஷ்டமி நவமின்னா அரை நிலா. அரை நிலாவுக்குத் தண்ணி ஓடாது, ஆயர் மாத்தி. அன்னிக்குத்தான் ஆக்சிஜன் இறங்கும். காலண்டர வீட்டுல பார்த்தேன், நீரோட்டத்த போன்ல பார்த்தேன். ரெண்டும் ஒரே நாள்னு எனக்குத் தோணவே இல்லையே."

ஆயர் மாத்தி என்றால் செத்த தண்ணீர். மீனவர்கள் நீரோட்டம் நின்றுபோகும் நாட்களை அப்படிச் சொல்வார்கள். வருடம் முழுக்க எந்த ராத்திரி ஆபத்து என்று கணக்குப் போட்டு வைத்திருந்த பெண், அந்த ராத்திரிகளில் ஒன்றைப் பார்த்துக் கருவிக்கு ஓய்வு கொடுத்திருந்தார். போன வருடமும் அதே நவமிதான். அந்த முறை பலகை மேல் ஒரு மனிதர் படுத்திருந்தார்.

ஆபீசில் அக்கா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "ஏன் மாத்துனீங்க?" என்று மட்டும் கேட்டார்.

விக்னேஷ் மடிக்கணினியை மூடி வைத்தார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கழட்டாம இருந்திருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது இல்லையா?"

பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்து முழுக் கடிதம் எழுதினார் விக்னேஷ். பணியாளர் ஒருவர் தன் சொந்த நம்பிக்கையின் காரணமாக, அனுமதியின்றிக் கருவியை அகற்றியதால் நேர்ந்த இழப்பு என்று கம்பெனிக்கு மானியம் கொடுத்தவர்களுக்கு எழுதிப் போட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டவர் எழுதிய கடிதம் அது. திரையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அக்கா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார், ஒரு மாத நோட்டீசும் கொடுத்தார். கழற்றியது நான்தானே என்றார்.

பாக் ஜைலானி கேலோங்கை விற்றுவிட்டார். இப்போது ஒரு கிடங்கில் காவல் வேலை, இரவு நேரம். அந்த வயதில் பகல் வேலைக்கு யாரும் எடுக்கவில்லை. அவர் மனைவியின் காலை இரவில் யார் பிடித்துவிடுகிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கும் தைரியம் எனக்கு இல்லை.

அக்காவின் கடைசி வாரத்தில் ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் கடல்தொழில் புதுக் கம்பெனிகளுக்கான போட்டி நடந்தது. ஆள் இல்லாததால் அக்காவையும் என்னையும் எங்கள் மேசையில் உட்காரவைத்தார் விக்னேஷ். கம்பெனி டி-சட்டை போட்டுக்கொண்டு அக்கா எங்கள் கருவியைத் துடைத்துத் துடைத்து வைத்தார். விக்னேஷ் மேடையேறி நன்றாகத்தான் பேசினார். மூன்றாவது படத்தில் பாக் ஜைலானியின் கூண்டு வந்தது. வெள்ளை வயிறுகள், ஓரத்தில் ஒரு கோணி, வலையைப் பிடித்த ஒரு பெண்ணின் முழங்கை.

"இந்த வருடம் நம் நீரிணையில் ஒரே இரவில் நடந்தது இது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "இப்படி ஒரு காலைப் பொழுது இனி எந்த மீனவருக்கும் வரக்கூடாது என்பதற்காகத்தான் நாங்கள் இருக்கிறோம்."

கூட்டம் கைதட்டியது. பக்கத்து மேசைக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தபடி தட்டினான், நானும் தட்டினேன். அக்கா தன் முழங்கையைத் திரையில் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு இரண்டாம் பரிசு.

அவரை வேனில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். ஸ்கூடாய் நெரிசலில் வண்டி நகரவே இல்லை. அக்கா வேலை விஷயத்தை அப்போதுதான் சொன்னார். வரும் திங்களிலிருந்து மறுபடியும் சிங்கப்பூர், அதே தொழிற்சாலை, நாலரை மணி. லோஷினி, அம்மா எழுப்பாமலே எழுந்து பள்ளிக்குப் போகப் பழகிக்கொள்கிறேன் என்றாளாம்.

"அந்தப் படம் நீ எடுத்ததா?" என்று கேட்டார்.

"ஆமாக்கா. ரிப்போர்ட்டுக்குன்னு கேட்டாரு."

"சரி விடு." முன்னால் நின்ற லோரியைப் பார்த்துக்கொண்டே அடுத்ததையும் கேட்டார். "ஸ்கிரீனை மாத்துனது உனக்கு முன்னாடியே தெரியுமா செல்வா?"

அந்த ஒரு மாதமாக இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தேன். வந்தால் சொல்லிவிடுவது என்று ராத்திரி ராத்திரியாக முடிவு செய்து வைத்திருந்தேன்.

"தெரியாதுக்கா" என்றேன்.

அக்கா பெருமூச்சு விட்டார். "உன்னையும் ஏமாத்திட்டான் பாரு" என்றார். என் தோளை லேசாகத் தட்டினார். சிப்பி கீறிய அந்தக் கையால் தட்டினார். நான் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் இறங்கினார். கேட்டைத் திறந்தவர் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்து, வேன் ஜன்னலில் கை வைத்துக் குனிந்தார்.

"எனக்குத் தெரியும் லா. உனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்குப் படகுலயே சொல்லியிருப்ப. இல்ல?"

"சொல்லியிருப்பேன்கா" என்றேன்.